உடம்பு வாகு

1892, அக்டோபர் 7. ஜெர்மனியில் மூனிச் நகரம். மாக்ஸ் ஃபான் பெட்டென்கோஃபர் என்கிற எழுபத்து மூன்று வயசுப் பெரியவர் தண்ணீரில் கொஞ்சம் சோடா உப்பைக் கரைத்தார். அதில் ஒரு மில்லி கலங்கல் திரவத்தை விட்டார். மடக்கென்று குடித்தார். கலங்கலில் இருந்தது உயிருள்ள காலராக் கிருமி, கோடிக் கணக்கில். சோடா உப்பு எதற்கு? வயிற்றில் இருக்கிற அமிலம் கிருமிகளைப் பாதி வழியிலேயே கொன்றுவிடக் கூடாதே என்று! வாசலில் வந்த விருந்தாளிக்குக் கால் அலம்பத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி.

பெரியவர் சாமானியர் இல்லை. மூனிச் நகரத்துக்கு நல்ல தண்ணீரும் சாக்கடையும் வரக் காரணமாக இருந்த பேராசிரியர். அவருக்கும் ராபர்ட் கோக்குக்கும் பல வருஷச் சண்டை. கோக் கல்கத்தாவுக்கு வந்து, 1884-ல் கமா வடிவத்தில் இருக்கும் அந்தக் கிருமியைக் கண்டு, "இதுதான் காலராவுக்குக் காரணம், கேஸ் முடிந்தது" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பெட்டென்கோஃபர் விடவில்லை. "கிருமி மட்டும் போதாது தம்பி. மண் வேணும், பருவம் வேணும், அது பிடிக்கிற மாதிரி ஆளும் வேணும்" என்றார். எழுதிப் பார்த்தார், பேசிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. கடைசியில் குடித்துக் காட்டினார்.

என்ன ஆயிற்று? சில நாள் வயிற்றுப்போக்கு. அவ்வளவுதான். பெரியவர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்.

குருவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் சிஷ்யப்பிள்ளை சும்மா இருப்பாரா? எம்மெரிக் என்கிற உதவியாளர் பத்து நாள் கழித்து அதே சரக்கைக் குடித்தார். அவருக்கு வயிறு பிய்த்துக்கொண்டது. ஓடி ஓடித் துவண்டு, எப்படியோ பிழைத்தார்.

அதே ஊர், அதே கிருமி, கிட்டத்தட்ட அதே தேதி. ஒருவருக்குத் தலைவலி மாதிரி வந்து போனது, இன்னொருவரை எமன் வாசல் வரை இழுத்துக்கொண்டு போனது. ஏன்?

பெட்டென்கோஃபர் பெரிய விஷயத்தில் தோற்றுப் போனார் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதே 1892-ல் ஹாம்பர்க் நகரத்தில் காலராவில் எட்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்கள் எல்பே நதித் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தவர்கள். தெருவைத் தாண்டினால் அல்டோனா. அங்கே அதே நதித் தண்ணீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தார்கள், பிழைத்தார்கள். கோக் சொன்னது சரிதான். ஆனால் கிழவர் கேட்ட கேள்வியில் ஒரு பாதி மட்டும் நூறு வருஷமாகத் தொண்டையில் மாட்டின மீன்முள் மாதிரி விஞ்ஞானத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. "ஆளும் வேணும்" என்றாரே, அந்தப் பாதி.

*

நமக்கு இது தெரியாத விஷயமா? சமீபத்தில் ஒரு கல்யாணம், சொந்தத்தில். ராத்திரிப் பந்தியில் தயிர் வடை. மறுநாள் விடிந்தால் சத்திரத்தில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. மூன்று பேருக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். அதில் ஒருவன் தினம் ஜிம்முக்குப் போகிற இருபத்து நாலு வயசுப் பையன். தயிர் வடையை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட எங்கள் மாமாவோ, காலையில் குளித்து விபூதி இட்டுக்கொண்டு, "டிபன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டபடி வந்து நிற்கிறார்.

"உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையா மாமா?"

"எனக்கென்னடா பண்ணும்? நான் பழையது சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. இந்தக் காலத்துப் பசங்க பாட்டில் தண்ணி குடிச்சே பாழாப் போயிட்டாங்க."

பக்கத்தில் இருந்த அத்தை, "அதெல்லாம் இல்லை. அவங்கப்பாவும் இப்படித்தான். அது உடம்பு வாகு" என்றார்.

டாக்டர்கள் தடித்தடியாகப் புஸ்தகம் போட்டுச் சொல்கிற விஷயத்துக்கு இரண்டே வார்த்தை. மாமா சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. சின்ன வயசில் பார்த்துப் பழகின கிருமியை உடம்பு ஞாபகம் வைத்திருக்கும். அவர் தட்டில் விழுந்த வடையில் கிருமி குறைவாக இருந்திருக்கலாம். வயிற்று அமிலம் நன்றாகச் சுரக்கிற ஆசாமியாக இருக்கலாம். (அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையைத் தினமும் வெறும் வயிற்றில் விழுங்குகிறவர்கள் பெட்டென்கோஃபரின் சோடா உப்பை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.) இத்தனையையும் கழித்துவிட்ட பிறகும் மிச்சம் ஒன்று நிற்கிறதா, "அவங்கப்பாவும் இப்படித்தான்" என்கிற அந்தச் சமாசாரம்? இதுதான் கேள்வி.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில், ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரே பாயில் படுக்கிறார்கள். அப்பாவுக்கு டி.பி. வந்து பிள்ளைக்கும் வந்தால் அது ரத்தத்தில் வந்ததா, இருமலில் வந்ததா?

டென்மார்க்கில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் கணக்கு எழுதுவதில் புலிகள். தத்துக் கொடுத்த குழந்தைகளுக்கெல்லாம் ரிஜிஸ்டர் வைத்திருந்தார்கள். 1924 முதல் 1926 வரை பிறந்து தத்துப் போன பிள்ளைகள் உள்ள 960 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, பெற்றவர் எப்போது எதனால் செத்தார், வளர்த்தவர் எதனால் செத்தார், பிள்ளை எதனால் செத்தது என்று பொறுமையாகப் பார்த்தார்கள். 1988-ல் முடிவு வெளிவந்தது. பெற்றவர்களில் ஒருவர் ஐம்பது வயசுக்குள் தொற்றுநோயில் இறந்திருந்தால், அந்தப் பிள்ளையும் தொற்றுநோயில் அகாலமாக இறக்கும் அபாயம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு! முகம்கூடப் பார்த்திராத அப்பா, அம்மா. வளர்த்தவர்கள் தொற்றுநோயில் இறந்திருந்தால்? பிள்ளைக்கு அபாயம் கூடியதாகத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை, புற்றுநோய்க் கணக்கு தலைகீழாக இருந்தது. அங்கே பெற்றவர் எதனால் செத்தார் என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. வளர்த்தவர் ஐம்பதுக்குள் புற்றுநோயில் போயிருந்தால் பிள்ளைக்கு ஐந்து மடங்கு அபாயம். 'கான்சர் பரம்பரை, காய்ச்சல் ஒட்டுவாரொட்டி' என்று திண்ணையில் பேசிக்கொண்டிருந்த நமக்கு நல்ல குட்டு. செத்தவர்களின் எண்ணிக்கை சின்னது, அதனால் இந்த மடங்குகளைக் கல்லில் செதுக்கிவிட வேண்டாம். திசை மட்டும் தெளிவு.

நம் நாட்டிலும் ஒரு ஆராய்ச்சி உண்டு. 1973-ல் வெளியானது, தொழுநோய் பற்றியது. அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்கு அறுபது போல. சாதா இரட்டையரில் இருபது போல. ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான் இரண்டு சாராரும்.

*

மனசு கஷ்டமான ஒரு கதை இருக்கிறது. சொல்லாமல் தாண்ட முடியாது.

1929 கடைசியிலும் 1930 ஆரம்பத்திலும், ஜெர்மனியில் லூபெக் நகரத்தில் பிறந்த குழந்தைகளுக்கு டி.பி. வராமல் இருக்க பி.சி.ஜி. மருந்து கொடுத்தார்கள். அப்போது ஊசி இல்லை, வாய் வழியாக, முதல் பத்து நாளில் மூன்று தடவை. பாரிஸிலிருந்து வந்த சாதுவான கிருமியை லூபெக் ஆஸ்பத்திரி லாபரட்டரியில் வளர்த்துக் கொடுத்தார்கள். அதே லாபரட்டரியில் நிஜமான டி.பி. கிருமியும் வேறு குழாயில் இருந்தது. எப்படியோ இரண்டும் கலந்துவிட்டது. நல்லது செய்வதாக நினைத்து, பெற்றோர் சம்மதத்தோடு, 251 பச்சைக் குழந்தைகளுக்கு டி.பி.யைப் புகட்டினார்கள். 72 குழந்தைகள் செத்துப்போயின. கோர்ட், கேஸ், டாக்டர்களுக்கு ஜெயில்.

ஆனால் மிச்சக் குழந்தைகள்? பெரும்பாலானவை நோய்வாய்ப்பட்டு, பிறகு மெள்ள மெள்ளத் தேறிவிட்டன. டி.பி.க்கு மருந்தே இல்லாத காலம் அது. 2016-ல் சில விஞ்ஞானிகள் அந்தப் பழைய அறிக்கைகளைத் தூசி தட்டிப் படித்தார்கள். கலப்படம் அதிகமான மருந்தைக் குடித்த குழந்தைகள் அதிகம் செத்திருக்கின்றன. எதிர்பார்க்கிற விஷயம்தான். ஆனால் ஒரே மாதிரி கலப்பட மருந்தைக் குடித்த குழந்தைகளுக்குள்ளேயே ஒன்று சாக, ஒன்று லேசாக வாடி நிமிர்ந்திருக்கிறது. எல்லாம் பத்து நாள் சிசு. பழையது சாப்பிட்ட உடம்பு, பாட்டில் தண்ணீர் உடம்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. வரும்போதே எதையோ கொண்டுவந்திருந்தார்கள்.

*

அந்த 'எதையோ'வில் ஒன்று உங்கள் டிரைவிங் லைசென்ஸிலேயே எழுதியிருக்கிறது. ரத்த வகை.

ரத்த வகை என்று சொல்கிறோமே தவிர அது ரத்தத்தோடு நிற்பதில்லை. ஏ, பி என்பதெல்லாம் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைக் கொண்டைகள். ஏ வகைக்காரருக்கு ஒரு மாதிரிக் கொண்டை, பி-க்கு வேறு மாதிரி, ஏபி-க்கு இரண்டும். ஓ வகைக்காரருக்கு அந்தக் கடைசிக் கொண்டை கிடையாது, மொட்டை. இதே கொண்டைகள் குடலின் உள்சுவரிலும் இருக்கின்றன. அங்கே வந்து காலிங் பெல் அடிக்கிற கிருமிக்கு, கொண்டை உண்டா மொட்டையா என்பது முக்கியம்.

பெட்டென்கோஃபர் காலமான 1901-ல்தான் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகு எழுபது எண்பது வருஷம் கழித்து, பங்களாதேஷிலும் பிலிப்பைன்ஸிலும் காலரா வார்டுகளில் ரத்த வகை பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். படுக்கையில் ஓட்டை போட்டு அடியில் பக்கெட் வைக்கிற அளவுக்குக் கடுமையான கேஸ்களில் ஓ வகைக்காரர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். கிருமி தொற்றுவது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். தொற்றின பிறகு படுத்துகிற பாட்டில்தான் பாரபட்சம். 1991-ல் பெரு நாட்டில் காலரா நுழைந்து லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவி, அந்த ஒரு வருஷத்தில் கிட்டத்தட்ட நாலு லட்சம் பேரைப் படுக்கவைத்தது. அந்தப் பூர்வகுடி மக்களில் பெரும்பாலோர் ஓ வகை. அங்கேயும் இதே கதை.

காரணம் என்ன? காலராக் கிருமி நேரடியாகக் குடலைக் கடித்துத் தின்பதில்லை. ஒரு விஷத்தைக் கக்குகிறது. (அப்படி ஒரு விஷம் இருப்பதை 1959-ல் கண்டு சொன்னவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. அவருக்கு நோபல் பரிசு கொடுக்காததைப் பற்றி எனக்கு இன்னமும் கோபம் உண்டு, அது தனிக் கட்டுரை.) அந்த விஷம் குடல் செல்லுக்குள் போய் ஒரு ஸ்விட்சைப் போட்டுவிடுகிறது. போட்டால் அணையாது. உடம்பில் இருக்கிற உப்பையும் தண்ணீரையும் செல் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வெளியே கொட்டுகிறது. 2016-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில், மனிதக் குடல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அதே அளவு காலரா விஷத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓ வகைக்காரரின் செல்களில் அந்த ஸ்விட்சின் வேகம் ஏ வகையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கங்கைச் சமவெளியின் கடைக்கோடி, வங்காளம், காலராவின் பிறந்த வீடு. அங்கே ஓ வகை உலகத்திலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று, பி நிறைய. தலைமுறை தலைமுறையாகக் காலரா வந்து ஓ வகைக்காரர்களைக் கொஞ்சம் அதிகமாக அள்ளிக்கொண்டு போயிருக்கும், மிச்சம் இருப்பவர்களின் பேரன்கள்தான் இன்றைய வங்காளிகள் என்கிறார்கள். 2013-ல் டாக்காக்காரர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து, அப்பா-அம்மா-பிள்ளை என்று 42 குடும்பங்களின் மரபணுக்களைத் துருவியதில், இயற்கை கைவைத்துத் தேர்ந்தெடுத்த மாதிரி 305 இடங்கள் தெரிந்தன. அவற்றில் சில, குடல் உப்பையும் தண்ணீரையும் வெளியே விடுகிற வேலையில் சம்பந்தப்பட்டவை. ரவீந்திரநாத்தையும் சத்யஜித் ரேயையும் நாம் வங்காள மண்ணின் மகிமை என்கிறோம். மண்ணோடு கொஞ்சம் கிருமியும் சேர்ந்து செதுக்கியிருக்கிறது.

இந்த இடத்தில் ஓ வகை வாசகர்கள் பத்திரிகையைக் கீழே போட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அவசரம் வேண்டாம். மலேரியா வந்தால் அது மூளை வரை போய்ப் படுத்துகிற அபாயம் ஓ வகைக்குத்தான் குறைவு. வெளியூர் போனால் வயிற்றைக் கலக்குகிற ஈ.கோலி கிருமி ஒன்று இருக்கிறது. அதைத் தைரியசாலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கப் பரிசோதனைக் கணக்கு 2018-ல் வெளிவந்தது. அதில் ஏ கொண்டை உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு வைத்தியம் தேவைப்பட்டது. மற்றவர்களில் பாதிப் பேருக்குத்தான். அந்தக் கிருமியின் கையில் ஏ கொண்டையைப் பிடித்துத் தொங்குவதற்கென்றே ஒரு கொக்கி. ஒரு கிருமிக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகிவருகிறது. இயற்கை எல்லாருக்கும் ஒரு பக்கம் சனி, ஒரு பக்கம் குரு என்று கலந்துதான் கட்டம் போட்டிருக்கிறது.

ஆகவே பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஜாதகத்தோடு ரத்த வகையையும் கேட்டு, "பொண்ணு ஓ பாசிடிவ்வாம், காலரா தோஷம்" என்று கிளம்பிவிடாதீர்கள். ஓ வகையோ வேறு எதுவோ, காலராவில் ஆளைக் கொல்வது தண்ணீர் வற்றிப்போவதுதான். 1971-ல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது, எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மஹலானபிஸ் அங்கே போனபோது ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். ஏற்றுவதற்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. அவர் உப்பு, சோடா உப்பு, குளுகோஸ் மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையில் டம்ளரைக் கொடுத்து, "குடிக்கக் கொடுத்துக்கிட்டே இருங்க" என்றார். முகாம்களில் நூற்றுக்கு இருபது முப்பது என்று இருந்த சாவு, அவர் வார்டில் நாலுக்கும் கீழே வந்தது. யாருடைய ரத்த வகையையும் அவர் கேட்கவில்லை. 2022-ல் காலமானார். மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் பின்னால் இருக்கிற முக்கியமான கை அவருடையது.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் உங்கள் ஜீன்களைப் படித்து, எந்த நோய் எப்போது என்று கலர் கலராக ரிப்போர்ட் தருகிற வியாபாரம் இப்போது வந்திருக்கிறது. நம் போன்ற சாதாரணர்களுக்குத் தொற்றுநோய் விஷயத்தில் அதனால் பெரிய உபயோகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்கு ஒரு பைசா போட்டுச் செய்கிற மொய்க் கணக்கு அது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல வாட்டர் ஃபில்டர் வாங்கலாம்.

*

ஆனால் சில வீடுகளில் மொய்க் கணக்கு இல்லை. ஒரே ஒரு ஜீன், மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறது.

1996-ல் ஒரே சமயத்தில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று மால்டா தீவில் ஒரு கிராமத்துக் குழந்தைகளைப் பற்றி. மண்ணிலும் தண்ணீரிலும் எங்கேயும் இருக்கிற, நம்மையெல்லாம் சீண்டவே சீண்டாத டி.பி.யின் தூரத்துப் பங்காளிக் கிருமிகள் அந்தக் குழந்தைகளைப் படுக்கையில் போட்டன. இன்னொன்று துனீசியாவில் ஒரு குழந்தை. எல்லாக் குழந்தைக்கும் போடுகிற பி.சி.ஜி. தடுப்பூசியே உடம்பெங்கும் பரவி உயிரைக் குடித்துவிட்டது. இரண்டு இடத்திலும் தேடிப்போனால் ஒரே குற்றவாளி. 'இன்டர்ஃபெரான் காமா' என்கிற உஷார் செய்தியை வாங்கிக்கொள்ள வேண்டிய காது, அந்தக் குழந்தைகளின் செல்களில் வேலை செய்யவில்லை. எதிரி உள்ளே வந்துவிட்டான் என்று சங்கு ஊதுகிறார்கள், கோட்டைக் காவலாளிக்குக் காது கேட்கவில்லை.

2003-ல் இன்னொன்று. 'ஐராக்-4' என்று ஒரு ஜீன். அது கெட்டுப்போன குழந்தைகளுக்கு வைரஸ் வந்தால் சமாளித்துவிடுகிறார்கள். பூஞ்சைக் காளான் ஒன்றும் செய்வதில்லை. நிமோனியாவுக்குப் பேர் போன நியூமோகாக்கஸ், சீழ்க்கட்டிக்குப் பேர் போன ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் மட்டும் வந்தால் மளமளவென்று சரிந்துவிடுகிறார்கள். பாரிஸில் கஸநோவா என்கிற டாக்டரின் குழு கண்டுபிடித்தது. (அந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லாத ஆராய்ச்சி. இவர் முழுப்பெயர் ழான்-லோரான் கஸநோவா.)

இதில் கொடுமை எது தெரியுமா? இந்தக் குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் காய்ச்சல் சரியாக அடிப்பதில்லை. காய்ச்சல் என்பது கிருமி செய்கிற வேலை இல்லை, உடம்பு அடிக்கிற மணி. மணி அடிக்கிற கம்பியே அறுந்துபோனால் எப்படி அடிக்கும்? அம்மா தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். "என்னமோ சரியில்லை டாக்டர், பால் குடிக்க மாட்டேங்கறான், துவண்டு கிடக்கிறான்." தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நார்மல். ரத்தப் பரிசோதனையிலும் வீக்கக் குறி பெரிசாக ஏறியிருக்காது. "காய்ச்சலே இல்லையேம்மா, எதுக்குப் பயப்படறீங்க?" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பினால், ராத்திரிக்குள் மூளைக்காய்ச்சல்.

பிறகு வீட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியும்.

"தலைக்கு ஊத்தி ஈரத்தோட காத்தாட விட்டா."

"ஃபேன்ல போட்டுத் தூங்க வெச்சா, நான் அப்பவே சொன்னேன்."

"வேலைக்குப் போற அவசரம், புட்டிப்பால் கொடுத்தா. வேற என்ன ஆகும்?"

இரண்டாவது குழந்தைக்கும் அதே மாதிரி ஆனால் அவள் கதி அதோகதி. ராசியில்லாதவள் என்று ஒரு முத்திரை. மாமியார், நாத்தனார், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எல்லாரும் கேஸ் நடத்தித் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்த ஜீனில் ஒரு பிரதி அப்பாவிடமிருந்து வந்தது, ஒரு பிரதி அம்மாவிடமிருந்து. இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய். ஒரு பழுது மட்டும் இருக்கிற அப்பாவும் அம்மாவும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார்கள். அவள் என்ன செய்தாள்? அவன் என்ன செய்தான்?

யார் செய்ததும் இல்லை என்றாலும், நாம் கொஞ்சம் சௌகரியம் செய்து கொடுக்கிறோம். ஒரே தாத்தாவின் பழுது இரண்டு வழியிலும் ஒரே குழந்தைக்கு வந்து சேர வேண்டுமென்றால், அதற்குச் சுலபமான வழி அக்கா பெண்ணைக் கட்டுவது, மாமன் மகனைக் கட்டுவது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் நாலு கல்யாணத்துக்கு ஒன்றுக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கிறது என்று மத்திய அரசின் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் மிகப் பெரும்பான்மைக் குழந்தைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். என் சொந்தத்திலேயே நாலைந்து ஜோடி, பிள்ளைகள் எல்லாம் சௌக்கியம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு குழந்தை இப்படிப் போயிருக்கிறது என்று தெரிந்த பிறகும், "நிலம் வெளியே போயிடக் கூடாது" என்று அடுத்த தலைமுறையில் அதே முடிச்சைப் போடுகிறார்களே, அவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

உடனே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் ஒரு குழந்தை திரும்பத் திரும்ப நிமோனியா, மூளைக்காய்ச்சல், ஆறாத சீழ்க்கட்டி என்று அவதிப்பட்டிருந்தால், அல்லது பி.சி.ஜி. போட்ட பிறகு அக்குள் கழுத்தெல்லாம் கட்டி கிளம்பி மோசமாகியிருந்தால், அல்லது காரணம் புரியாமல் தவறியிருந்தால், அடுத்த குழந்தை பிறக்கும்போதே டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பி.சி.ஜி. பிறந்த உடனே போடுவது. கேட்டால்தான் சொல்வது என்று இருக்கக் கூடாது. அந்தத் துக்கத்தைத் திரும்பப் பேசுவது அபசகுனம் என்று பாட்டிமார்கள் வாயைப் பொத்துவார்கள், பரவாயில்லை. மற்றபடி எல்லாக் குழந்தைக்கும் எல்லாத் தடுப்பூசியும் வேளாவேளைக்குப் போட வேண்டும், அதைத் தள்ளிப்போட இந்தக் கட்டுரையைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். இந்த மாதிரி எதிர்ப்புச் சக்திக் குறைபாடுகளைச் சோதித்துச் சொல்ல இப்போது நம் நாட்டிலேயே இடங்கள் இருக்கின்றன. மும்பையில் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இம்யூனோஹெமடாலஜி, சண்டிகரில் பி.ஜி.ஐ. இரண்டும் அதில் பேர் பெற்றவை.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பீர்கள். ஐராக்-4 கெட்டுப்போனவர்களையும், அதே சங்கிலியில் அடுத்த கண்ணி அறுந்தவர்களையும் உலகம் முழுக்கத் தேடி, 60 பேரின் கதையை 2010-ல் தொகுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர் செத்துப்போயிருந்தார்கள், பெரும்பாலும் இரண்டு வயசுக்குள். ஆனால் அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. எட்டு வயசைத் தாண்டினவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. பதினாலு வயசுக்கு மேல் யாருக்கும் உயிரை உலுக்குகிற தொற்று வரவில்லை. அந்த ஜீன் சரியாகிவிடவில்லை, கடைசி வரை பழுதுதான். உடம்பு மெள்ள மெள்ள வேறு வழிகளைக் கற்றுக்கொண்டு, அந்த ஒரு கம்பி இல்லாமலே சமாளிக்கப் பழகிவிடுகிறது. அதுவரைக்கும் தினமும் ஆன்ட்டிபயாட்டிக், நியூமோகாக்கஸ் தடுப்பூசி, காய்ச்சல் இல்லாவிட்டாலும் "துவண்டு கிடக்கிறான்" என்று அம்மா சொன்னால் உடனே ஊசி. ஏழெட்டு வருஷம் இப்படி ஓட்டிவிட்டால், அந்தப் பையன் ஸ்கூலுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருப்பான்.